முள்ளுக்காரரின் நட்டு

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு சண்டையின் நடுவில். தெருமுனை வரை கேட்கிற சண்டைதான். ஆனால் இரண்டு பேரும் மரியாதை குறையாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் புகைப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் ஒரு பழைய வேன் நின்றிருந்தது. பின்னால் தண்ணீர் கேன்கள், எல்லாம் காலி. வேனுக்கு இந்தப் பக்கம், சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூடிரைவர் செருகிய, அறுபதை நெருங்கும் ஒருவர். அந்தப் பக்கம் வேனின் ஓட்டுநர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

“நீங்க ஸ்க்ரூவைத் தொட்டீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை.”

“தொட்டா என்னங்க மாமா? வண்டி ஓட்டுறது நீங்களா, நானா?”

“ஓட்டுறது நீங்கதான். இன்ஜின் வெந்து போச்சுன்னா அழறது என் பொண்ணு.”

மாமனாரும் மருமகனும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினின் குழாயைச் சைலன்சருக்குள் விட்டு அளவெடுத்தேன். வேன் தேறவில்லை. காற்று மிகுந்து எரிபொருள் போதாமல், சில நேரம் எரியாமலேயே வெளியே வருகிறது என்றேன். பெரியவர் முகம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் போல ஆயிற்று. படித்த தம்பி சொல்வதைக் கேட்டீர்களா என்று மருமகனைப் பார்த்தார். மருமகன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தத் தம்பி உங்களுக்கு என்ன முறை ஆகணும் மாமா? எனக்குத் தெரியாம எப்ப சொந்தமாச்சு?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் வேனின் முன் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இன்ஜின் பக்கம் குனிந்து, ஒரு சின்ன ஸ்க்ரூவை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல.

அவரை எல்லோரும் முள்ளுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வேக முள், எண்ணெய் முள், சூட்டு முள், வண்டியில் எந்த முள் நின்றுபோனாலும் அவரிடம் வரும். பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு கடை. உள்ளே ஆள் படுத்தால் கால் வெளியே நீளும். பழைய மாத்திரை டப்பாக்களில் அளவுவாரியாக முட்கள் கிடக்கும். ஊர் முள்ளெல்லாம் ஓடுகிறது, வீட்டுச் சுவரில் கடிகாரம் மட்டும் மூன்று மாதமாக நிற்கிறது என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

சிறு வயதில் அவர் லாரி கிளீனர். ஒருநாள், எண்ணெய் முள் நிறைவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, எண்ணெய் இல்லாமல் லாரியின் இன்ஜின் இறுகிப்போனது. முதலாளி ஓட்டுநரை அன்றைக்கே துரத்திவிட்டார். அப்புறம் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, முள்ளின் எர்த் ஒயர் தளர்ந்து, முள் அசைய வழியில்லாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தது தெரிந்தது. துரத்தப்பட்டவரைத் தேடிப்போக யாருக்கும் நேரமில்லை. முள் பொய் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத் தோன்றியதாம். அதையே தொழிலாக வைத்துக்கொண்டார்.

அவருடைய நட்டும் அதிலிருந்து வந்ததுதான். மின்சாரம் பேட்டரியிலிருந்து வந்து, வேலையைச் செய்துவிட்டு, வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போக வேண்டும்; அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒவ்வொரு முள்ளுக்கும், விளக்குக்கும், வைப்பருக்கும் ஒவ்வோர் இடத்தில் எர்த் இருக்கும். ஒன்று தளரும், ஒன்று துருப்பிடிக்கும். முள்ளுக்காரர் அத்தனை ஒயரையும் இழுத்துவந்து ஒரே பித்தளை போல்ட்டில் சேர்த்து, நட்டை இறுக்கி, கிரீஸ் தடவி, மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பார். “கூட்டுக் குடும்பம் தம்பி. எல்லாருக்கும் ஒரே அடுப்பு. தனித்தனியா வெச்சாத்தான் புகையும்” என்று எனக்கு விளக்கினார். முப்பது வருடமாக அந்த நட்டில் சேர்ந்த முள் ஒன்றுகூட நடுங்கியதில்லை. பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரே மகள். எட்டு வருடத்துக்கு முன்னால் வேன்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். வேன் ஒரு தண்ணீர் கம்பெனிக்கு ஓடியது. நிறை கேன்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போய்வர வேண்டும். கேஸில் ஓடும் வண்டி. இன்ஜினுக்குப் போகும் கேஸ் குழாயின் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை மூடினால் கேஸ் மிச்சமாகும், ஆனால் இன்ஜினுக்குள் சூடு ஏறும். சமதரையில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மலை ஏறினால் வால்வு வெந்துவிடும். மருமகன் கொஞ்சம் மூடி ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு தடவை இன்ஜின் வெந்தது. வீட்டோடு இன்னோர் அறை கட்டுவதற்கு மகள் வாங்கி அடுக்கிவைத்திருந்த செங்கலும் கம்பியும் விற்று அதைத் திரும்பக் கட்டினார்கள். அதற்குப் பிறகு, எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மருமகன், “எங்க பெட்ரூம் மேலதான் உட்கார்ந்து ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். மகள் சிரிக்கமாட்டாள்.

இன்னொரு தடவை இன்ஜின் வெந்தால் கட்டுவதற்கு வீட்டில் செங்கல் கிடையாது. மூன்று நாள் வண்டி வராவிட்டால் கம்பெனி வேறு வேனைப் போட்டுவிடும். இதுதான் முள்ளுக்காரரின் பயம். அதனால்தான் வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய், நலம் விசாரித்துவிட்டு, நேரே சீட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஸ்க்ரூ நகர்ந்திருக்கும். சண்டை வரும். மகள் இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

புகைப் பரிசோதனை முடிந்த நாலாம் நாள் அவர் என்னைத் தேடி வந்தார். உங்கள் மெஷின் சொன்ன அந்தக் காற்று-எரிபொருள் கணக்கை, ஓட்டுகிறவன் கண்முன்னால் ஒரு முள்ளாக வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், அதற்கென்றே மீட்டர் இருக்கிறது, சைலன்சர் குழாயில் ஒரு சென்சாரை மாட்டினால் ஓட ஓடக் காட்டும் என்றேன். இப்படி ஒரு முள் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. அதைக் கேட்டுக் கொஞ்சம் கூசிப்போனார். பிறகு சொன்னார்: “வாங்கிடலாம் தம்பி. இனிமே நானும் பேச வேணாம், மாப்பிள்ளையும் பேச வேணாம். முள்ளு பேசட்டும்.”

உதிரி பாகக் கடைக்கு நானும் போனேன். கண்ணாடிப் பலகையில் மூன்று வகை எடுத்துவைத்தார்கள். முதலாவதில் வண்ண விளக்குகள் மட்டும். விலை மலிவு, ஆனால் அது அதிகம், குறைவு என்று மாறி மாறி மினுக்குமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. முள்ளுக்காரர் அதைக் கல்யாண வீட்டு அலங்காரத்துக்குக் கொடுங்கள் என்று தள்ளிவிட்டார். இரண்டாவது, எண் காட்டுவது. கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள்ளேயே அடக்கம், ஒரே பெட்டி, ஒரே எர்த். நான் அதைச் சொன்னேன். கடைக்காரர் அதை எரியவிட்டுக் காட்டினார். பதினாலு புள்ளி மூன்று, பதிமூன்று புள்ளி ஒன்பது, பதினாலு புள்ளி ஆறு என்று எண்கள் குதித்தன. முள்ளுக்காரர் முகம் சுளித்தார். மலையில் திரும்பும்போது இதைப் படிக்கிறவன் பள்ளத்தில்தான் போவான் என்றார். மூன்றாவதில் வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் இருந்தது, பத்திலிருந்து இருபது வரை. அதைக் கட்டுப்படுத்தும் பகுதி, கண்ட்ரோல் பாக்ஸ், தனி. இன்ஜின் அருகில் மாட்ட வேண்டும்.

அவர் அதைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்தார். முள் ஒரு மயிரிழை அசைந்து நின்றது. “இது என் ஜாதி” என்று சிரித்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

எங்கள் வீட்டில் ஆங்கிலக் காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்கிற முதல் ஆள் நான். ஊரில் யார் தண்ணீர் மோட்டார் வாங்கினாலும் கையேட்டோடு என் கட்டிலுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே அந்தக் கையேட்டை வரி விடாமல் படித்தேன். அவர் செய்த வேலையைப் பற்றி இப்போதும் குறை சொல்ல முடியாது. சைலன்சர் குழாயின் மேல்பக்கம் பார்த்து, தண்ணீர் தங்காதபடி சாய்வாகத் துளைபோட்டு, வெல்டரை நிற்கவைத்துப் பற்றவைத்தார். குழாயின் இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று சோப்பு நுரை பூசிப் பார்த்தார், கசிந்தால் சென்சார் பொய்க்கணக்குக் காட்டும் என்பதால். சாவி போட்டால் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் போகும்படி தனி ஃபியூஸ் வைத்தார். ஒயர்களைத் துணி டேப் சுற்றி, சூட்டுக்கு விலக்கி, எட்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டுப் போட்டு இழுத்துவந்த அழகைப் பார்க்க வெல்டரே இரண்டாவது முறை வந்தார்.

கையேட்டின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தது. கண்ட்ரோல் பாக்ஸின் எர்த்தும் முள்ளின் எர்த்தும் ஒரே இடத்தில், இன்ஜின் இரும்பிலேயே, சேர வேண்டும் என்று. படித்துச் சொன்னேன்.

“ஒரே இடம்னுதானே போட்டிருக்கு? முப்பது வருஷமா நான் கத்துறதும் அதுதானே” என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஆனால் கண்ட்ரோல் பாக்ஸின் எர்த் ஒயர் ஒரு சாண் நீளம்தான், நுனியில் வளையம் வைத்தே வந்திருந்தது. கம்பெனி ஒயரை அவர் வெட்டமாட்டார். அது இன்ஜின் போல்ட்டுக்குப் போனது. முள்ளின் எர்த், அவர் கைப்பழக்கத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி வைத்த நட்டுக்குப் போனது. இரண்டு இடமாகிவிட்டதே அண்ணே என்றேன்.

“வண்டி முழுக்க ஒரே இரும்புதானே தம்பி” என்றார். “இரும்புக்கு இரும்பு அந்நியமா?”

நான் ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. அந்த நட்டைச் சந்தேகப்படுவது அவர் பிள்ளை வளர்த்த விதத்தைச் சந்தேகப்படுவது போல எனக்குப் பட்டது.

மறுநாள் பட்டப்பகலில் வேனை எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். என் மெஷின் ஒரு கணக்குச் சொன்னது. அவர் முள்ளும் அதே கணக்கைச் சொன்னது. பின்னால் நிறை கேன்களோடு மேம்பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கி, ஸ்க்ரூவை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தோம். பாரம் இழுக்கும்போது முள் பதிமூன்றில் நிற்க வேண்டும். பதினாலைத் தாண்டினால் சூடு, பன்னிரண்டுக்குக் கீழே போனால் கேஸ் வீண். பேத்தியின் நகச்சாயத்தை வாங்கி, மகள்தான் கண்ணாடியின்மேல் இரண்டு கோடு போட்டாள். “இந்த ரெண்டு கோட்டுக்குள்ள இருந்தா எங்க ரூம் பத்திரமா இருக்குமாப்பா?” என்று கேட்டாள். இருக்கும் என்றார். அவள் அவரை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள், ஒரே பெண்.

மூன்று வாரம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. மருமகன் தினமும் மாலை போன் செய்து, ஏற்றத்தில் பதிமூணு மாமா, சமதரையில் பதினாலே கால் மாமா என்று சொல்வார். இவர் சரிங்க மாப்பிள்ளை, ரொம்ப நல்லதுங்க மாப்பிள்ளை என்பார். கட்டிய பெண்டாட்டியிடம்கூட இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசவில்லை என்று மகள் கிண்டல் செய்தாளாம். முள்ளுக்காரர் சந்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி அந்த மீட்டரைப் பற்றிச் சொன்னார். மருமகன் திருந்திவிட்டார் என்பதைவிட, தன் மருமகன் முள்ளை மதிக்கிறவர் என்பதில்தான் அவருக்குப் பெருமை.

நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. மலையில் பகலிலும் மூட்டம். முன்விளக்கு, வைப்பர், கண்ணாடியில் பனி படியாமல் இருக்க விசிறி, எல்லாம் காலையில் போட்டால் திரும்பி வரும்வரை ஓடின. முதல் நாள் மாலை மருமகன் போனில், ஏற்றத்தில் முள் பன்னிரண்டுக்கும் கீழே போகிறது, மழைக்காற்றுக்கு இப்படி ஆகுமா என்று கேட்டிருக்கிறார். முள்ளுக்காரர், என்னை எதற்குக் கேட்கிறீர்கள், முள் சொல்கிறபடி செய்யுங்கள், அதற்குத்தானே மாட்டியது என்றிருக்கிறார். மருமகன் ஸ்க்ரூவைக் கால் சுற்று மூடினார். முள் கோட்டுக்குள் வந்தது. மறுநாள் மறுபடி இறங்கியது. மறுபடி கொஞ்சம் மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் இஷ்டத்துக்கு மூடாமல், சொன்னபடி மூடினார்.

ஒன்பதாம் நாள் பாதி மலையில் வேன் நின்றது.

ஷெட்டில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது நானும் இருந்தேன். சென்சாரைப் பத்திரமாகக் கழற்றிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வால்வு எலி கடித்த ரொட்டி போல ஓரம் தின்னப்பட்டிருந்தது. ஒரு பிஸ்டனின் தலை உருகிக் குழிந்திருந்தது. மெக்கானிக் பிஸ்டனைத் தட்டில் வைத்தார். மகள் ஷெட்டின் தூணோடு ஒட்டி நின்றிருந்தாள்.

“முள்ளு பார்த்துத்தான் மூடினேன் மாமா” என்றார் மருமகன். “இறங்கிக்கிட்டே போச்சு. தினமும் உங்ககிட்ட சொன்னேனே.”

“முள்ளு பொய் சொல்லாது.” முள்ளுக்காரர் பிஸ்டனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, ‘நீ’ என்ற வார்த்தை வந்தது. “நீ பொய் சொல்ற. கேஸை மிச்சம் பிடிக்கிற புத்தி உன்னை விட்டுப் போகலை. என் பொண்ணு ரூமை ரெண்டாவது தடவையும் எரிச்சுட்டே.”

மெக்கானிக் ஸ்பானரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். மருமகன் கையில் வைத்திருந்த எண்ணெய்த் துணியை நான்காக மடித்து, வேனின் பம்பர் மேல் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தார். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் போனாள்.

மூன்றாம் நாள் கம்பெனி வேறு வேனைப் போட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் முள்ளுக்காரர் என்னிடம் வந்தார். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். மகள் நம்ப மறுக்கிறாள், படித்தவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்றார். தான் சொன்னது சரி என்று காட்டத்தான் அவர் என்னைக் கூட்டிப்போனார். இதை என்னால் மறக்க முடியாது.

வேன் ஷெட்டின் பின்னால் ஹெட் இல்லாமல் நின்றது. சென்சாரை மறுபடி ஒயரில் சொருகி, குழாயில் மாட்டாமல் திறந்த காற்றில் தொங்கவிட்டேன். சாவியைப் போட்டேன். வெறும் காற்று என்பதால் முள் மெதுவாக ஏறி, கடைசி எண்ணான இருபதில் போய் நின்றது. “பார்த்தீங்களா தம்பி, ஆடலை அசையலை” என்றார் முள்ளுக்காரர். நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் ஷெட்டின் தகரக்கூரையில் மழை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மழையில் என்னென்ன ஓடியிருக்கும் என்று யோசித்தபடி, முன்விளக்கைப் போட்டேன்.

முள் இறங்கியது.

வைப்பரைப் போட்டேன். இன்னும் இறங்கியது. விசிறியையும் போட்டேன். இருபதில் நின்ற முள் பதினெட்டுக்கு வந்து நின்றது. இன்ஜின் இல்லை, புகை இல்லை, சென்சாரைச் சுற்றி இருப்பது நாங்கள் மூச்சுவிடும் அதே காற்று. காற்று மாறவில்லை, முள் மட்டும் மாறியது.

மல்டிமீட்டரின் ஒரு ஊசியை இன்ஜின் போல்ட்டிலும் இன்னொன்றைச் சிவப்புப் புள்ளி வைத்த நட்டிலும் வைத்தேன். எல்லாம் அணைந்திருக்கும்போது பூஜ்யம். எல்லாம் எரியும்போது ஒரு வோல்ட். டேஷ்போர்டின் இரும்பிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை மழைத்தண்ணீரில் பச்சை பூத்து, ஏழெட்டு இழைகளே மிச்சமிருந்தன. விளக்கும் வைப்பரும் விசிறியும் தின்ற மின்சாரம் முழுவதும் திரும்பிப் போக வழி தேடி அந்த ஒரே நட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த அழுத்தத்தை, முள் கேஸ் அதிகம் என்று படித்துச் சொன்னது. பட்டை நாளுக்கு நாள் அரிக்க அரிக்க, முள் நாளுக்கு நாள் இறங்கியிருக்கிறது. மற்ற முட்களுக்கு இது பெரிய வித்தியாசமில்லை. சூட்டு முள் ஒரு கோடு தள்ளிக் காட்டினால் யாருக்குத் தெரியும். இந்த முள்ளுக்கு ஒரு வோல்ட் என்பது இரண்டு எண். பதிமூன்று என்று அது சொன்னபோது இன்ஜின் பதினைந்தில் வெந்துகொண்டிருந்தது.

இதை எல்லாம் நான் அவருக்கு விளக்கவில்லை. எர்த்தைப் பற்றி அவருக்கு விளக்க நான் யார்? அவர் முன் சீட்டில் உட்கார்ந்து முன்விளக்கை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். ஒவ்வொரு முறையும் முள் ஏறி இறங்கியது. மேம்பாலத்தில் நாங்கள் பரிசோதித்த அன்று வெயில். ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்ல என் படிப்புக்குத் தோன்றவில்லை. பதினோராம் பக்கத்தைப் படித்த நானே அந்த இரண்டாவது ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“தினமும் போன் பண்ணாரு தம்பி” என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

அன்றைக்கே மகள் வீட்டுக்குப் போனோம். நானும் வர வேண்டும் என்றார். தான் சொன்னால் நம்பமாட்டாள் என்று பயம். கதவை மகள் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மருமகனைக் கேட்டார். நேற்றுக் காலை ஒரு நெடுந்தூர லாரியில் ஓட்டுநராக ஏறிப் போய்விட்டார், திரும்ப நாற்பது நாளாகும் என்றாள். வேனைப் பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்றாள்.

முள்ளுக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார். நட்டைச் சொன்னார், பட்டையைச் சொன்னார், முன்விளக்கைப் போட்டால் முள் இறங்குவதைச் சொன்னார். மாப்பிள்ளை மேல் தப்பே இல்லை, என் கைதான் இதைச் செய்தது என்றார். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“அவரு சொன்னப்பவே நீங்க நம்பியிருக்கலாம்” என்றாள். “அதை நம்ப உங்களுக்கு இன்னொரு மீட்டர் வேண்டியிருந்துச்சு.”

நீங்க என்று அவள் சொன்னதும் அவர் தலை தாழ்ந்தது. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ விலாசம் கேட்டு வந்தவரிடம் பேசுவது போலப் பேசினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையேட்டில் அந்த வரி இருந்தது, எனக்கும் பங்கு உண்டு என்று. அவள் என்னைப் பார்த்து, “நீங்க படிச்சதைச் சொன்னீங்க சார், போங்க” என்றாள்.

அதற்குப் பின் அவர் ஒரு பைத்தியக்கார வேலை செய்தார். வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போய், சிவப்புப் புள்ளி வைத்த நட்டுகளை எல்லாம் கழற்ற ஆரம்பித்தார். காசு வேண்டாம், திரும்பத் தனித்தனி எர்த் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார். ஓட்டுநர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைத்தால் நன்றாக இருக்காது என்று சட்டைக் கையைச் சுருட்டினார்கள். நான் போய்க் கூட்டிவந்தேன். சாதாரண முட்களுக்கு உங்கள் நட்டு நல்ல நட்டுதான் அண்ணே, அந்த ஒரு மீட்டருக்குத்தான் பொருந்தாது என்று எடுத்துச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். “அப்ப முப்பது வருஷத்துல நான் தப்பாப் போட்டது என் பொண்ணு வண்டிக்கு மட்டும்தானா?” என்று கேட்டார்.

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது போய் அவரை எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகன் நாற்பது நாள் கழித்து வந்தார் என்று கேள்விப்பட்டு, முள்ளுக்காரர் போய்ப் பார்த்தார். மருமகன் நாற்காலி போட்டார், வாங்க மாமா என்றார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. இவர் மன்னிப்புக் கேட்டபோது, “விடுங்க மாமா, போனது போச்சு” என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேச ஒன்றுமில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டைத் தூக்கிப் பார்க்க அங்கே வேன் இல்லை. சண்டை போடவும் ஏதுமில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவர் என் முன்னால் அழுதார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சந்தில் இருந்த கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். முள்ளுக்காரர் பேருந்து நிலையத்தை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். டேஷ்போர்டில் ஏதாவது பார்க்கச் சொல்லிப் பழைய ஆட்கள் கேட்டால், கண் தெரியவில்லை என்கிறார். கண் நன்றாகத்தான் தெரிகிறது. மருமகன் லாரியில்தான் இருக்கிறார். மகள் ஒரு பெட்டி தயாரிக்கும் இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். அம்மாவைப் பார்க்க வருவாள், அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. அந்த அறை கட்டப்படவில்லை.